மைனஸ் இருபத்தைந்தரைக் கிலோ திருக்கை

இப்போதெல்லாம் முன்னால் கிடக்கிற மீனை யாரும் பார்ப்பதில்லை, திரையைத்தான் பார்க்கிறார்கள். நாங்கள் மீள்குடியேறி இரண்டாம் வருடம் மீனவர் சங்கத்துத் தராசைக் கணினியோடு இணைத்தார்கள். மறுநாள் என் வலையில் பட்டது ஒரே ஒரு திருக்கை. தட்டில் போட்டேன். திரையில் மைனஸ் இருபத்தைந்தரைக் கிலோ என்று விழுந்தது.

"அப்பு, இதுக்குத் துண்டு வராது," என்றான் நிறுக்கிற டிலுக்சன். நிறை அச்சடித்த அந்தத் துண்டுச் சீட்டு இல்லாத மீனை ஐஸ் லொறி ஏற்றாது. லொறியோ புறப்பட நின்றது.

"செத்த மீன் மேல பறக்குதோடா?"

"ரெண்டா வெட்டி நிறுப்பமோ? கூடை மீன் சரியாத்தானே காட்டுது."

"வெட்டினதை ஆர் வாங்குவான்?"

புரோகிராம் எழுதிய நிறஞ்சலா ஓடிவந்து பார்த்தாள்.

"பிழை என்ர, ஐயா. தராசோட கதைக்கிறது சி மொழியில எழுதின, நூலகம் எண்டு சொல்லுற பழைய புரோகிராம் தொகுப்பு. என்ர சி ஷார்ப் புரோகிராம் அதைக் கூப்பிட்டுத்தான் நிறையைக் கேட்குது. அது கிராம் கணக்கில முப்பத்திரண்டு பிட் எண் தருது. நான் பதினாறு பிட் எண்டு எழுதிப்போட்டன். அதுக்குள்ள முப்பத்திரண்டே முக்கால் கிலோதான் அடங்கும். மிஞ்சினால் மைனஸ்."

"அது சொன்னதில பாதியைத்தான் கேட்டனியோ?"

"ஓம், அப்பிடித்தான்."

ஒரு சொல்லை மாற்றினாள். நாற்பது கிலோ என்று வந்தது. துண்டோடு திருக்கை லொறியில் ஏறியது.

"இனிப் பிழைக்காது, ஐயா."

"நேற்றும் இப்பிடித்தான் சொன்னனீ. நாளைக்கு என்ர தூக்குத் தராசையும் கொண்டு வாறன்," என்று சொல்லிவிட்டுக் கரைப் பக்கம் நடந்தேன்.