அண்ணன் கொடுத்த சான்றிதழ்

லேத் பட்டறைக்காரர் ஒரு குழாய்த் துண்டைக் கடைந்து முடித்தால் உடனே பெட்டியில் போட மாட்டார். உள்விட்டம், வெளிவிட்டம், சுவரின் கனம் என்று மூன்றையும் அளப்பார். ஐம்பது துண்டு என்றால் ஐம்பதையும் அளப்பார். "முதல் துண்டு சரியா இருந்தா மிச்சமும் சரியாத்தானே இருக்கும்?" என்று யாராவது அவசரப்படுத்தினால், "அப்ப நீயே அளந்துக்கோ" என்று வெர்னியர் அளவுகோலை நீட்டிவிடுவார். அந்த விஷயத்தில் மனிதர் படு கறார்.

அப்படிப்பட்டவர் ஒரு வாரமாக ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடி மாற்றப் போன கடையில் கண்ணுக்குள் படம் எடுத்துவிட்டு, "நரம்புல குழி பெரிசா இருக்கு, கிளாக்கோமாவா இருக்கலாம், டாக்டரைப் பாருங்க" என்று சொல்லிவிட்டார்கள். வலிக்காமல், சொல்லாமல் கொள்ளாமல் பார்வையைத் தின்னும் நோய் என்று கேள்விப்பட்டதிலிருந்து அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கண் போனால் பட்டறை ஏது, பிழைப்பு ஏது?

கண் டாக்டர் பொறுமையான பெண்மணி. கண்ணின் அழுத்தத்தைப் பார்த்தார், பக்கப் பார்வையைச் சோதித்தார், ஸ்கேன் எடுத்தார். பிறகு படத்தைத் திரையில் காட்டினார்.

"இந்த வட்டம்தான் பார்வை நரம்பு கண்ணுக்குள்ள வர்ற இடம். நடுவுல வெளுப்பா தெரியுதே, அதான் குழி. உங்களுக்கு வட்டமே பிறவியிலேயே பெரிசு. அதனால குழியும் பெரிசா தெரியுது."

"அப்ப நோய் இல்லையா மேடம்?"

"குழியை மட்டும் பாத்துட்டு சொல்ல முடியாது. சுத்தி இருக்கற விளிம்பு தேஞ்சிருக்கான்னு பாக்கணும். உங்களுக்கு எல்லாப் பக்கமும் நல்லா இருக்கு. மத்த டெஸ்ட்டும் சரியா இருக்கு. இந்தப் படத்தைப் பத்திரமா வைங்க, அடுத்த வருஷம் ஒப்பிட்டுப் பாப்போம். பிறவியில பெரிசுன்னா அப்படியே இருக்கும். நோய்னா மாறும்."

பட்டறைக்காரருக்குச் சட்டென்று பிடிபட்டது. "பெரிய குழாய்னா ஓட்டையும் பெரிசாத்தான் இருக்கும். சுவரோட கனத்தைப் பாக்கணும். அவ்வளவுதானே?" என்றார். டாக்டர் சிரித்துவிட்டார்.

அன்று முழுக்க அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. பக்கத்துக் கடைத் தையல்காரரில் தொடங்கி, எதிர்ப்பட்டவர்களுக்கெல்லாம் தன் கண்ணின் விட்டத்தை விளக்கினார். மாலையில் தம்பி வந்தான். சரக்கு வேன் ஓட்டுகிறவன். அண்ணன் சொன்னால் அதற்கு மறுபேச்சே கிடையாது அவனுக்கு.

"எனக்கும் கண்ணு டெஸ்ட்டுல இதையேதான் சொன்னாங்கண்ணே, குழி பெரிசுன்னு. வெள்ளிக்கிழமை டாக்டர்கிட்ட போகணும். பயமா இருக்கு."

"அட போடா! நம்ம குடும்பத்துக்கே கண்ணு பெரிசு. நான் எல்லா டெஸ்ட்டும் எடுத்துட்டேன், ஒண்ணுமில்லன்னுட்டாங்க. உனக்கு மட்டும் தனியா வந்துடப் போகுதா? போய் வேலையைப் பாரு."

தம்பிக்குப் பெரிய பாரம் இறங்கியது போல இருந்தது. வெள்ளிக்கிழமை வழக்கம்போல் சரக்கு ஏற்றப் போய்விட்டான்.

ஒன்பது மாதம் ஓடியது. ஒரு நாள் பட்டறைக்குள் நுழைந்த தம்பி, பாதி இறக்கியிருந்த ஷட்டரில் நெற்றியை முட்டிக்கொண்டான். பட்டறைக்காரரின் மனைவி, "பட்டப்பகல்ல இவ்வளவு பெரிய ஷட்டர் தெரியலையா?" என்று கேலி செய்தாள்.

"மேல இருக்கறது எதுவும் இப்பல்லாம் சட்டுனு கண்ணுல பட மாட்டேங்குது அண்ணி. முந்தாநேத்து சிக்னல்ல சிவப்பு விழுந்ததையே பாக்காம போயிட்டேன். நல்லவேளை, குறுக்க யாரும் வரல."

அவன் சிரித்துக்கொண்டேதான் சொன்னான். பட்டறைக்காரர் உடனே லேத்தை நிறுத்தினார், கையைத் துடைத்தார். "வேன் சாவியை அண்ணிகிட்ட குடு. கிளம்பு" என்றார்.

அதே டாக்டர், அதே திரை. தம்பியின் கண்ணில் கீழ்ப்பக்க விளிம்பு தேய்ந்து கிடந்தது பட்டறைக்காரருக்கே தெரிந்தது.

"இவரோட வட்டம் சாதாரண அளவுதான்" என்றார் டாக்டர். "நரம்பு தேஞ்சுதான் குழி பெரிசாகியிருக்கு. இடது கண்ணுல அதிகம், வலதுலயும் கொஞ்சம் ஆரம்பிச்சிருக்கு. போன பார்வை திரும்பாது. சொட்டு மருந்தை விடாம போட்டு, சொன்ன தேதிக்கு வந்தா மிச்சத்தைக் காப்பாத்தப் பாக்கலாம். இப்போதைக்கு வண்டி ஓட்டக் கூடாது."

"ஒன்பது மாசத்துக்கு முன்னாடியே வந்திருந்தா மேடம்?"

"இதைவிடக் கூடுதலா மிஞ்சியிருக்கும்" என்றார் டாக்டர் மெதுவாக. "இன்னொண்ணு. கூடப் பிறந்தவருக்கு இருக்கறதால உங்களுக்கும் வர்ற வாய்ப்பு அதிகம். நீங்களும் வருஷம் தவறாம வரணும்."

வெளியே வந்ததும் தம்பிதான் முதலில் பேசினான். "விடுண்ணே. நீ என்ன, வேணும்னா சொன்ன?"

"கழிச்சுப் போட வேண்டிய இரும்பையே அளக்காம தூக்கிப் போட மாட்டேன்டா நான். உன் கண்ணை எப்படிடா அளக்காம விட்டேன்?" என்று சொல்லும்போதே அண்ணன் அழுதுவிட்டார். வழி நெடுக, தாழ்வாக எது வந்தாலும் தம்பியின் நெற்றிக்கு முன்னால் தன் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டே நடந்தார்.

பட்டறை வாசலில் தையல்காரர் நின்றிருந்தார். "தம்பிக்கு என்னவாம்? எனக்கும் போன மாசம் குழி பெரிசுன்னாங்க. உங்களுக்கு ஒண்ணுமில்லன்னு நீங்க சொன்னது ஞாபகம் வந்துச்சு. அந்தத் தைரியத்துலதான் நான் டாக்டர்கிட்ட போகவே இல்ல."

பட்டறைக்காரர் தையல்காரரின் தோளிலிருந்த அளவு நாடாவைக் கழற்றிப் பட்டறை மேசைமேல் வைத்தார்.

"ஒருத்தர் அளவுல இன்னொருத்தருக்குச் சட்டை தைப்பீங்களா? என் ரிப்போர்ட் என் கண்ணுக்கு மட்டும்தாங்க. கூடப் பிறந்தவனுக்கே அது செல்லல. நம்ம கண்ணை நாமதான் போய்க் காட்டணும். கடையைச் சாத்துங்க, நானே கூட்டிட்டுப் போறேன்."