எட்டாவது வாரத்துச் சத்தம்

திசுப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்த அந்தப் பெண்ணுக்குச் செல்கள் சாகும் சத்தம் கேட்கும். வேலையில் சேர்ந்த இரண்டாம் வருடம், ஒரு செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு அது தொடங்கியது. காலம் முடிந்த செல் தன்னைச் சின்னச் சின்னப் பொட்டலங்களாக மடித்துக்கொள்ளும்போது துணி மடிக்கிற சத்தம் வரும். பக்கத்துச் செல்கள் சிந்தாமல் சிதறாமல் அவற்றைத் தின்றுவிடும். பட்டினி கிடக்கும் செல் தன் உள்சாமான்களையே தின்பது எலி கொறிப்பதுபோல இருக்கும். கிருமி புகுந்த செல் அக்கம்பக்கத்தை எச்சரிக்க வேண்டுமென்றே வெடிக்கும். அது பால் பொங்கி அடுப்பில் விழுகிற சத்தம். கூடத்தில் யாரும் இதைப் பெரிதுபடுத்தவில்லை. திசு ஒட்டிய கண்ணாடி ஸ்லைடுகளை அவள் காதருகே வைத்து வகை பிரித்துக் கொடுத்ததில் எல்லோரும் நேரத்துக்கு வீடு போனார்கள்.

இரண்டு முறை அவளுக்குக் கரு தங்கவில்லை. இரண்டு முறையும் முந்தின நாளே வயிற்றுக்குள் பால் பொங்கும் சத்தம் கேட்டது. மூன்றாவது கருவின் எட்டாவது வாரம், மத்தியானம், அடிவயிற்றில் துணி மடிக்கும் சத்தம் கேட்டது. ஒன்று, பத்து, ஆயிரம். கையில் எடுத்த கவளத்தை வைத்துவிட்டு வீட்டுக்கு ஓடினாள். பஸ் ஓட்டும் கணவன் வயிற்றில் காது வைத்துவிட்டு, தனக்குப் பசிச் சத்தம்தான் கேட்கிறது என்றான். மாமியார், மருமகளுக்கு நன்றாகக் கேட்கட்டும் என்று மின்விசிறியை நிறுத்தினார். சத்தம் கூடிக்கொண்டே போனது. அவள் இரண்டு கையாலும் வயிற்றைப் பொத்திக்கொண்டு, "ஒருத்தரும் சாகக்கூடாது. அப்படியே இருங்க" என்றாள்.

இருந்தன. வயிற்றில் மட்டும் அல்ல, அவள் உடம்பு முழுக்க. இரண்டாம் நாள் சீப்பில் உதிர்ந்த முடி ஒன்றுகூட இல்லை, உள்ளங்கைத் தோல் அடுக்கடுக்காக ஏறியது. மூன்றாம் நாள் நாக்கு தடித்து வாய் மூட முடியவில்லை. நாக்கைப் பார்த்த கூடத்துத் தலைமை டாக்டரம்மா நடந்ததைக் கேட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"ஏம்மா, எட்டாவது வாரம் கொழந்தைக்கு விரல் ஏது? கை துடுப்பு மாதிரி ஒட்டிக்கிட்டு இருக்கும். நடுவுல இருக்கிற செல்லுங்க செத்தாத்தான் விரல் பிரியும்."

"அப்ப அது சாகற சத்தம் இல்லையா?"

"சாகற சத்தம்தான். விரல் பிரியறதும் அதே சத்தம்தான்."

செல்களைப் போகச் சொன்னால் விரல் இடுக்கோடு நிறுத்திக்கொள்வார்களா, இதயம்வரை போவார்களா, யார் ஜாமீன்? கூடத்துப் படிக்கட்டில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். கணவன் பஸ்ஸைப் பயணிகளோடு வாசலில் நிறுத்திவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். கடைசியில் அவள் குனிந்து, "போக வேண்டியவங்க போங்க, கண்ணுங்களா" என்றாள். துணிகள் மடியத் தொடங்கின. அடுத்த ஏழு மாதமும், எந்த நிமிடம் பால் பொங்குமோ என்று அவள் காதைத் தீட்டிக்கொண்டே நடந்தாள், சமைத்தாள், தூங்காமல் படுத்திருந்தாள்.

பெண் குழந்தை. வீல் என்று அழுதது. மாமியார் விரல்களை இரண்டு தடவை எண்ணினார். இடது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் நகம்வரை ஒட்டியிருந்தன. மூன்று நாள் தாமதத்தில் இரண்டு விரலுக்கு வண்டி தவறிவிட்டது என்றான் கணவன், அழுதுகொண்டே. நர்ஸ் எடையை எழுதினாள், நேரத்தை எழுதினாள், விரல் ஒட்டியதற்குக் காரணம் என்ன என்று தாயைக் கேட்டாள். தாய் சொன்னதைக் கேட்டு, பதிவேட்டில் 'தாய் தடுத்ததால்' என்று எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள்.