முப்பத்தொன்பது செல் பெட்டி

பேட்டரிக்காரர் வீட்டு மொட்டைமாடிக்கு மேலே, இரண்டு ஆள் உயரத்தில் நிற்கும் புகைக்கு இந்த ஆண்டோடு பதினோரு வயது முடிகிறது. ஒரு கட்டில் அகலம் இருக்கும். நிறம் அடிப்பிடித்த பாத்திரத்தின் நிறம். காற்றுக்கு அது அசைவதில்லை. மழை அதனூடே பெய்து, கீழே சுத்தமான தண்ணீராகவே விழுகிறது. மாடியில் காயும் வெள்ளைத் துணியில் அது ஒரு பொட்டுக் கறைகூட வைத்ததில்லை. முதல் வாரம் தெருவே கழுத்து வலிக்கப் பார்த்தது. இரண்டாம் வாரம் காக்கைகள் அதைச் சுற்றிப் பறக்கப் பழகிக்கொண்டன. மூன்றாம் வாரம் தெருக்காரர்கள் அது ஆகாத வீடு என்று பேசத் தொடங்கினார்கள்.

புகை எப்படி வந்தது என்பதில் ஒளிவுமறைவு இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற பழக்கம் அந்தக் குடும்பத்துக்குக் கிடையாது. பேட்டரிக்காரர் மின்சார சைக்கிள்களுக்குப் பேட்டரி கட்டிக் கொடுத்தவர். கட்டைவிரல் பருமனுள்ள செல்களை, ஓட்டை போட்ட ஹோல்டரில் ஒவ்வொன்றாக நிறுத்தி, தலையிலும் அடியிலும் நிக்கல் பட்டை வைத்துப் பற்றவைத்துப் பெட்டிக்குள் இறக்குவார். செல்லுக்கும் செல்லுக்கும் நடுவே இரண்டு மில்லிமீட்டர் இடைவெளியில் காற்றோட வேண்டும். கிட்ட இருந்தால் முட்டப் பகை என்பது சொந்தக்காரர்களைவிடச் செல்களுக்குத்தான் பொருந்தும் என்று அவரே சொல்வார். அப்படிப்பட்டவரிடம் டெலிவரி கம்பெனி மேனேஜர் வந்தார். முப்பத்தொன்பது செல் கொள்ளும் பெட்டிக்குள் ஐம்பத்திரண்டு வேண்டும், ஓட்டுகிற ஆட்கள் சார்ஜ் போட நின்று நேரத்தைத் தின்கிறார்கள் என்றார். மனைவியும் மகளும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பேட்டரிக்காரர் மூன்று நாள் மறுத்தார். நான்காம் நாள் ஹோல்டரைக் கழற்றிப் போட்டுவிட்டுச் செல்களை ஒன்றோடொன்று பசை வைத்து ஒட்டினார். அவர் செய்த தவறு அது ஒன்றுதான், அது பெரிய தவறு. பட்டப்பகலில் சார்ஜ் ஏறும்போது பெட்டி பற்றியது. பக்கத்து வீட்டில் பிள்ளைகள் இருந்ததால் அதை நெஞ்சோடு தூக்கிக்கொண்டு போய் நடுத்தெருவில் வைத்தார். ஒன்பதாம் நாள் மருத்துவமனையில் இறந்தார். நெருக்கிக் கட்டச் சொன்னது யார் என்று விசாரித்தவர்களிடம், கட்டியது என் கை என்பதற்கு மேல் ஒரு சொல் சொல்லவில்லை. புகை மட்டும் வீட்டுக்கு மேலே போய் நின்றுகொண்டது.

பேட்டரிக்காரர் மனைவியின் தம்பி லாரியோடு வந்தார்.

“வித்துட்டுக் கிளம்புக்கா. இத மேல வெச்சிக்கிட்டு எப்படித் தெருவுல தலை காட்டுவ?”

“ஏன்டா, நான் என்ன திருடிட்டா வந்தேன்? அவரு தப்பு பண்ணாரு. ஓடி ஒளியல. லாரிய திருப்பிக்கிட்டுப் போ.”

லாரி காலியாகத் திரும்பியது. அந்த வாரமே அக்கா தெருப் பக்கச் சுவருக்கு வெள்ளையடித்தார், புகை நன்றாக எடுபடும்படி.

மகள் பிளாஸ்டிக் டப்பா செய்யும் ஆலையில் ஆறு ஆண்டு வேலை பார்த்தாள். எதையும் அளக்காமல் நம்ப மாட்டாள் என்பதால் அவளுக்குத் தெருவில் ஸ்கேல் என்று பெயர். ஏழாம் ஆண்டில் ஒரு நாள், காய் நறுக்கும் தடித்த வெள்ளைப் பிளாஸ்டிக் பலகைகள் இரண்டை வாங்கி வந்து, பின்கட்டில் உட்கார்ந்து, ஒவ்வொன்றிலும் முப்பத்தொன்பது ஓட்டை போட்டாள். கீழே ஒரு பலகை, மேலே ஒரு பலகை, நடுவே செல்கள் பள்ளிப் பிள்ளைகள்போல இடைவெளி விட்டு நின்றன. தாய் பார்த்தார். அதற்குப் பிறகு நான்கு மாதம் மகளோடு நேரடியாகப் பேசவில்லை. சாப்பாடு ஆறுகிறது என்பதைச் சுவர்க் கடிகாரத்திடம் சொன்னார். ஐந்தாம் மாதம் மகள் இல்லாத நேரத்தில் ஸ்கேலை எடுத்து எல்லா ஓட்டைகளுக்கும் நடுவே வைத்துப் பார்த்தார். எங்கும் இரண்டு மில்லிமீட்டருக்குக் குறையவில்லை. மகள் வந்ததும் அவளுடைய வேலை மேசையின் ஒரு முனையைப் பிடித்தார்.

“பின்னாடி ஒளிச்சு செய்யிறதுக்கு இது என்ன கள்ளச்சாராயமா? அந்தப் பக்கம் தூக்கு. முன் ரூமுல போடு.”

புகை வீட்டில் பேட்டரியா, கொள்ளிக்கட்டையால் தலை சொறிந்த கதைதான் என்று தெரு சிரித்தது. ஆனால் மூன்று ஆண்டில் அறுபது சைக்கிள்கள் மகளுடைய பலகைகளின் மேல் ஓடின; ஒன்றுகூடக் கை பொறுக்காத சூடு கண்டதில்லை. கம்பெனி கொடுத்த பேட்டரிகளை ஆட்கள் திருப்பிக் கொடுக்கத் தொடங்கியதும் மேனேஜர் புகார் எழுதினார். நகராட்சியிலிருந்து நோட்டீஸ் வந்தது: வீட்டில் செய்த ஹோல்டர் பாதுகாப்பற்றது, ஏற்கெனவே விபத்து நடந்த இடம், ஏழு நாளில் பூட்டி முத்திரையிடப்படும். பூட்டு விழுந்தால் தெரு பதினோரு ஆண்டாகச் சொன்னது உண்மையாகிவிடும் என்பது தாய்க்கும் மகளுக்கும் தெரியும்.

எட்டாம் நாள் அதிகாரி பூட்டோடு வந்தபோது, பேட்டரிக்காரர் எரியும் பெட்டியை வைத்த அதே நடுத்தெருவில் ஒரு பேட்டரி இருந்தது. வீட்டிலிருந்து நீண்ட ஒயர் வழியாகச் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. அதன் மேல் ஒரு மணையைப் போட்டுத் தாய் உட்கார்ந்திருந்தார்.

“எந்திரிம்மா. இதெல்லாம் விதியில இல்ல.”

“விதியில இல்லாதது மாடி மேலயும் நிக்குது சார். அதுக்கு நோட்டீஸ் குடுத்தீங்களா?”

அதிகாரி மேலே பார்த்தார், கைப்பையைத் திறந்து வெப்பமானியை எடுத்தார். காலை பதினொன்று முதல் மாலை நான்கு வரை ஐந்து முறை பெட்டியில் வைத்துப் பார்த்தார். ஐந்து முறையும் தெருத் தார்தான் பேட்டரியைவிடச் சூடாக இருந்தது. வெயில் உச்சிக்கு ஏறியபோது புகை மாடியைவிட்டு நகர்ந்து தெருவுக்கு வந்து, உட்கார்ந்திருந்தவர் தலைக்கு மேல் நிழல் பிடித்தது. மணி நான்கடித்ததும் தன் இடத்துக்குப் போய்விட்டது. அதிகாரி நேர்மையானவர், அதையும் எழுதிக்கொள்ளப் பார்த்தார், படிவத்தில் இடமில்லை. பூட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, அனுமதிச் சீட்டில் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் மேனேஜரே வந்தார். கையில் பழைய அளவுப் பெட்டி இருந்தது. இருநூறு பேட்டரி வேண்டும் என்றார்.

“கொஞ்சம் நெருக்கிப் போட்டா அம்பத்திரண்டு போயிடும்மா. ரேட்டும் சேத்துத் தரேன். மேல இருக்குதே, அதையும் ஆள் வெச்சு நானே எடுத்து விட்டுடறேன்.”

மகள் பெட்டிக்குள் ஸ்கேலை இறக்கினாள். “முப்பத்தொன்பது. அதுக்கு மேல வேணும்னா பெரிய பெட்டி வாங்கிக்கிட்டு வாங்க.”

தாய் அதுவரை நிலைப்படியிலேயே நின்றிருந்தார். “அது எங்க வீட்டுப் புகை. அது மேல யாரும் கை வெக்கக் கூடாது. உங்க பேரச் சொல்லாமப் போன மனுசன் வீடு இது. ஞாபகம் இருக்கட்டும்.”

மேனேஜர் பெரிய பெட்டிகள் வாங்கிக்கொண்டு வந்தார்.

இப்போது கடிதங்களில் முகவரியே புகை வீடு என்றுதான் இருக்கிறது. தபால்காரர் வழி கேட்பதில்லை. மதியத்தில் பேட்டரிக்குக் காத்திருக்கும் ஆட்கள் அதன் நிழலில் சைக்கிளைச் சாய்த்துக்கொள்கிறார்கள். காலையில் கதவைத் திறந்ததும் தாய் வாசலில் இறங்கி மேலே பார்க்கிறார். ஓட்டை போடும் டிரில்லில் பிட்டை மாட்டிக்கொண்டே மகள் உள்ளிருந்து கேட்கிறாள்:

“இருக்காரா?”

“இருக்காரு. நீ வேலையப் பாரு.”