மெயின் சுவிட்சை இறக்கிய வெள்ளிக்கிழமை

கிட்ட வந்து இரிங்க மக்காள். ஒரு பேர் அழிந்த கதை சொல்லப்போறன். இனிப்பான கதையில்ல, ஆனா கேட்க வேண்டிய கதை.

கல்முனை பஸ் டிப்போவுக்குக் கிட்ட மிஹ்லாருக்கு ஒரு கம்ப்யூட்டர் கடை. அதன் பின்னறையில் ஓயாமல் இரைந்துகொண்டு கிடக்கும் மெசினைச் சேவர் என்பார்கள். ஊர்ச் சங்கங்களின் இணையப் பதிவெல்லாம் அதற்குள்தான். அதைக் கவனித்தவள் மிஹ்லாரின் தங்கச்சி றுஸ்தா.

நாம் பதியும் பேரை அந்த மெசின் முதலில் நினைவில்தான் வைத்திருக்கும். அதனால்தான் கேட்ட உடனே பதில் சொல்லும். கால் மணித்தியாலத்துக்கு ஒருதரம் நினைவில் உள்ளதை அள்ளி டிஸ்க்கில் எழுதும். எழுதினது கரண்ட் போனாலும் கிடக்கும், எழுதாதது போய்விடும். ஒழுங்காக மூடச் சொன்னால், கடைசியாக ஒருதரம் எழுதிவிட்டுத்தான் மூடும்.

ஒருமுறை வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை நேரம் பக்கத்துக் கடையில் வயர் பற்றி எரிந்தது. அன்றிலிருந்து அந்தத் தெருவில் எல்லாரும் மெயின் சுவிட்சை இறக்கிவிட்டுத்தான் பள்ளிவாசலுக்குப் போவார்கள். கரண்ட் இல்லாத நேரம் சேவரைப் பெற்றரிப் பெட்டி தாங்கிக்கொள்ளும். ஆனால் அந்த வெள்ளிக்கிழமை, குத்பாப் பிரசங்க நேரம் கரண்ட் போனால் மைக்குக்கு உதவும் என்று மிஹ்லார் பெட்டியைப் பள்ளிக்குக் கொடுத்துவிட்டான்.

"காக்கா, பெற்றரி இல்ல. மெயின இறக்க முந்தி மெசின மூடணும்," என்று றுஸ்தா அண்ணனுக்குச் சொன்னாள்.

"எனக்குக் கடை பூட்டப் படிச்சுத் தாறியா நீ?"

அன்றைக்குத்தான் ஒரு நலன்புரிச் சங்கம் பதிவு திறந்தது. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இரத்தம் சுத்திகரிக்கும் கல்முனையிலுள்ள அவர்களுடைய நிலையத்தில் ஒரேயொரு இடம் காலி. பன்னிரண்டு மணிக்குத் திறக்கும். முதலில் பதிகிறவருக்கு இடம்.

பாலமுனைச் சுபைறா பதினொன்றரைக்கே வந்து நின்றாள். புருஷன் அச்சிமுகம்மது வயல்காரன். இரத்தம் சுத்திகரிக்க வாரத்தில் மூன்று நாள் மட்டக்களப்புக்குப் பஸ்ஸில் கொண்டுபோய்க் கொண்டுவருவாள். போகும்போது அவனே ஏறுவான். வரும்போது அவள்தான் அணைத்து இறக்க வேணும்.

"போன்ல எனக்கு ஏலா மகள். நீ அடிச்சுத் தா."

பன்னிரண்டு மணி இரண்டு நிமிடத்துக்கு றுஸ்தா பதிந்தாள். திரையில் இலக்கம் ஒன்று வந்தது.

"ஒண்டா? நல்லாப் பாருடி, பதினொண்டா இரிக்கப் போகுது."

"ஒண்டேதான் மாமி!" கலண்டர்த் தாளைக் கிழித்து இலக்கத்தை எழுதிக் கொடுத்தாள். சுபைறா சிரித்தபடி பஸ் ஏற, றுஸ்தாவும் தொழ வீட்டுக்குப் போனாள்.

பாங்கு கேட்டது. பன்னிரண்டு பன்னிரண்டுக்கு மிஹ்லார் மெயினை இறக்கினான். மெசின் எழுத இன்னும் மூன்று நிமிடம் கிடந்தது.

தொழுதுவிட்டு வந்து கரண்டைப் போட்டால், பட்டியல் வெறுமை. மிஹ்லார் மாமனாருக்குப் போன் எடுத்தான். "மாமா, ஒருத்தரும் பதியல்ல. கெதியா உங்கட பேரப் போடுங்க."

இரண்டு மணிக்கு வந்த றுஸ்தா திரையைப் பார்த்துத் திகைத்தாள். "காக்கா, சுபைறா மாமிட பேரெங்க?"

விசயம் விளங்கியதும் மிஹ்லாரின் முகம் சுருங்கியது. ஒரு கணம்தான். "என்ட மாமாக்கும் அதே வருத்தம்தானே? அவர்ட பேரப் போட்டாச்சு."

"மாமாக்கு வேன் இரிக்கி."

"வாயப் பொத்து. பேர் அழிஞ்ச எண்டு வெளிய தெரிஞ்சா ஒரு சங்கமும் நம்மட கடைப் பக்கம் வராது."

மறுநாள் சங்கச் செயலாளரைக் கூட்டிக்கொண்டு சுபைறா வந்தாள். தாளைக் காட்டினாள்.

"துண்டுல ஆரும் எழுதலாம் ராத்தா. மெசின்ல இல்லயே," என்றார் செயலாளர்.

சுபைறா றுஸ்தாவிடம் திரும்பினாள். "நீதானே மகள் அடிச்ச? சொல்லன்."

அடையாள அட்டையின் உடைந்த மூலை, அச்சிமுகம்மது பிறந்த திகதி, சுபைறாவின் விரலில் காயாத மருதோன்றி, எல்லாம் றுஸ்தாவின் கண்ணுக்குள் நின்றன. மிஹ்லார் தொண்டையைச் செருமினான்.

"கனபேர் வந்த மாமி. ஞாபகமில்ல."

சுபைறா சண்டை பிடிக்கவில்லை. தாளை மடித்து முந்தானையில் முடிந்தாள். "சரி மகள். ஞாபகம் வந்தாச் சொல்லு."

அன்றே றுஸ்தா மெசினை மாற்றி அமைத்தாள். ஒவ்வொரு பேரையும் டிஸ்க்கில் எழுதின பிறகுதான் இலக்கம் காட்டும். கொஞ்சம் மெதுவாகியது, ஆனால் அதற்குப் பிறகு ஒரு பேரும் அழியவில்லை.

அச்சிமுகம்மது பெரும்போக அறுவடை வரைக்கும் பஸ்ஸில் போய் வந்தான். ஒருநாள் திரும்பி வரும்போது, கல்லாறு தாண்டியதும் சுபைறாவின் தோளில் சாய்ந்தான். தூங்குகிறான் என்று அவள் அசையாமல் இருந்தாள். கல்முனையில் அந்தக் கடை வாசலையும் தாண்டித்தான் பஸ் போனது. பாலமுனையில் இறக்கத் தொட்டபோதுதான் தெரிந்தது.

மையித்துக் கிடந்த மரண வீட்டுக்கு றுஸ்தா வந்தாள். சுபைறாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "மாமி, எனக்கு ஞாபகம் இரிக்கி," என்றாள்.

சுபைறா கையை மெல்ல உருவிக்கொண்டாள். "இனி எதுக்கு மகள்?"

அவ்வளவுதான் மக்காள். உங்கட வீட்டில் நோய் நொடி இல்லாமல் அல்லாஹ் காக்கட்டும். வந்தாலும், உண்மை தெரிந்தவர்கள் நேரத்துக்கு வாய் திறக்கிற அயலை உங்கட வாசலுக்குத் தரட்டும். ஆமீன்.