கோணல் ஸ்டியரிங்

என் வீட்டுக்காரருக்கு என்னைவிட லாரி மேல்தான் பாசம் என்று கல்யாணமான புதிதில் அழுதிருக்கிறேன். இப்போது அழுவதில்லை. எனக்கும் அந்தத் தகர டப்பா மேல் பாசம் வந்துவிட்டது. அதனால்தான், மரக்கடைக்காரர் அன்று சாயங்காலம் அதை விலைபேச வருகிறார் என்றதும் விற்க எனக்கு மனசே வரவில்லை.

என் வீட்டுக்காரருக்கு வலது தோள் போய்விட்டது. இனி லாரியைத் தொடக் கூடாது என்று டாக்டர் முடிவாகச் சொல்லிவிட்டார். நான் ஓட்டுகிறேன் என்றேன். பள்ளிக்கூட வேன் ஓட்டிய கை. லாரிக்கும் லைசென்ஸ் வாங்கியாயிற்று. ஆனால் சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் போதும், ஸ்டியரிங் வெடவெடவென்று உதறி என் கையைத் தட்டிவிடும். தேய்ந்த பாகம் எதுவும் இல்லை, மெக்கானிக் ஆட்டி அசைத்துப் பார்த்துவிட்டார். வண்டியின் சுபாவமே அப்படி.

"ஸ்டியரிங் வேற ஒரு பக்கமா நிக்கிற மாதிரி இருக்குங்க" என்று ஒரு நாள் சொன்னேன்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றார். வாயை மூடிக்கொண்டேன்.

ஆனால் கையை மூடிக்கொள்ளவில்லை. மரக்கடைக்காரர் வருகிற அன்று காலையிலேயே, உதறலை அடக்குகிற ஸ்டியரிங் ஷாக் ஒன்றை வாங்கி வந்துவிட்டேன். அதன் ஒரு முனையைச் சேஸிஸிலும் மறு முனையைச் சக்கரங்களை இணைக்கிற ராடிலும் மாட்ட வேண்டும். அவர் பார்த்தார்.

"இதெல்லாம் நொண்டிக்கு ஊன்றுகோல் மாதிரி. நான் இது இல்லாமத்தானே ஓட்டினேன்?"

"ஓட்டினீங்க. தோள் எங்கே?"

வாளியைக் கவிழ்த்துப் போட்டு லாரி பக்கத்தில் உட்கார்ந்தார். அதுதான் அவர் சம்மதம்.

"மொதல்ல ஸ்டியரிங்கை நேரா வை. அப்புறம் ஷாக்கைப் பாதி நீட்டின அளவுல மாட்டு. அப்பத்தான் ரெண்டு பக்கமும் திரும்பும்."

ஏறி ஸ்டியரிங்கை நேராக வைத்தேன். இறங்கி வண்டிக்கு அடியில் படுத்தேன். கிரீஸ் சொட்டு மூக்கில் விழுந்தது. "பாத்து, கை பத்திரம்" என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். நான் ஸ்பேனர் கேட்பதற்கு முன்பே சரியான ஸ்பேனரை இடது கையால் உள்ளே தள்ளினார். முப்பது வருஷக் குடித்தனத்தில் இவ்வளவு ஒத்துப்போய் நாங்கள் ஒரு வேலையும் செய்ததில்லை.

முடித்துவிட்டு ஏறித் திருப்பினேன். வலது பக்கம் முழுசாகப் போனது. இடது பக்கம் பாதியில் டக்கென்று நின்றது.

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மரக்கடைக்காரர் வருகிற நேரம். என் வீட்டுக்காரர் எழுந்து வந்து, "மறுபடியும் நேரா வை" என்றார். வைத்தேன். குனிந்து முன் சக்கரங்களைப் பார்த்தவர் அப்படியே நின்றார்.

ஸ்டியரிங் நேராக இருந்தது. சக்கரங்கள் வலது பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன.

"என்னங்க இது?"

தலையைச் சொறிந்தார். "இடது பக்கம் கொஞ்சம் சாய்ச்சுப் பிடிச்சாத்தான் இது நேராப் போகும். கைக்குப் பழகிடுச்சு. மறந்தே போயிட்டேன்."

"அப்ப கூடம் நெஜமாவே கோணல்!"

சிரித்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவர் சிரித்ததே இல்லை. எனக்கு அவர் மேல் கோபம் வரவேண்டியது, ஆசைதான் வந்தது.

"ஸ்டியரிங்லேருந்து சக்கரத்துக்குப் போற ராடு இருக்கு பாரு, அதோட கிளாம்பைத் தளர்த்தித் திருப்பு. சக்கரமும் ஸ்டியரிங்கும் ஒண்ணா நேராகட்டும். அப்புறம் ஷாக்கை மாத்தி மாட்டு."

"விக்கிற வண்டிக்கு எதுக்கு இவ்வளவு?"

"சொன்னதைச் செய்."

செய்தேன். இந்தத் தடவை இரண்டு பக்கமும் முழுசாகத் திரும்பியது. லாரியைத் தெருவுக்கு எடுத்தேன். சொல்லாமலே பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தார். இத்தனை வருஷத்தில் அவர் அந்த சீட்டில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. தெருமுனைப் பள்ளம் வந்ததும் அவர் கைகள் மடியில் இறுகின, இல்லாத ஸ்டியரிங்கைப் பிடித்தபடி.

சக்கரம் இறங்கி ஏறியது. ஸ்டியரிங் லேசாக முனகிவிட்டு அடங்கியது. நான் ஒரு கையை எடுத்து அவர் கை மேல் வைத்தேன்.

"ரெண்டு கையாலயும் பிடி" என்றார். ஆனால் தன் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

போன் அடித்தது. மரக்கடைக்காரர்.

"வர வேணாங்க" என்றார் என் வீட்டுக்காரர். "வண்டிக்கு டிரைவர் கிடைச்சாச்சு."