அம்மா சாப்பிடாத ஏழு மாதங்கள்

1

இந்தக் கதை எனக்கு முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது கிடைத்தது. இந்த வருடம், இரண்டாயிரத்தொன்று, அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. முறத்துக்கு அந்தப் பக்கம் அம்மா, இந்தப் பக்கம் நான். ஏதோ பேச்சில் அம்மா சொன்னாள்:

"போன வருசத்துலேர்ந்து ஒரு ஏழு மாசம் நான் சோறே துன்னல. தெரியுமா உனுக்கு?"

காம்பிலிருந்து கீரையை உருவுகிற அவள் கை நிற்கவில்லை.

எனக்குத் தெரியாது. அதே வீட்டில்தான் இருந்தேன். ஊரிகத்தில், தங்கச் சுரங்கத் தொழிலாளர்களுக்குக் கட்டிய லைன் வீடு. முன்னால் ஓர் அறை, பின்னால் சமையலறை, நடுவில் கதவுகூடக் கிடையாது, பழைய புடவை ஒன்று தொங்கும். அவள் கட்டிக் கொடுத்த டிபன் பாக்ஸோடுதான் அந்த ஏழு மாதமும் பெங்களூருக்கு ரயில் ஏறினேன். சாயங்காலம் வந்து அவள் சுட்ட தோசையைத் தின்றேன். என் பெயர் பல்லவி, வயது இருபத்து மூன்று, கண் நன்றாகத் தெரியும்.

ஆக, இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் அம்மா சாப்பிடாதது மட்டுமல்ல, நான் அதைப் பார்க்காததும்தான்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

"சின்னசாமிக்கு நாற்பத்தெட்டு வயதில், கேன்டீனில், எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது தொண்டை அடைத்தது. அவர் எழுந்து—"

சின்னசாமி என் அப்பா. அம்மாவுக்கு நடந்ததை அப்பாவுக்கு நடந்ததாக மாற்றிப் பார்த்தேன். கதைக்கு நாலு பேர் சாட்சி இருந்தால் நல்லது என்று தோன்றியது. ஆனால் மூன்றாவது பக்கத்திலேயே கதை முடிந்துபோனது. ஓர் ஆண் சாப்பிடாவிட்டால் மனைவி கேட்கிறாள், மகள் கேட்கிறாள், கேன்டீனில் பக்கத்தில் உட்கார்ந்தவன் கேட்கிறான். ஒரு வாரத்தில் ஊருக்கே தெரிந்துவிடுகிறது.

ஏழு மாதம் யாருக்கும் தெரியாமல் இருக்க வேண்டுமானால், எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு, மிச்சத்தை எடுத்து வைத்துக்கொண்டு, தனியாகச் சமையலறைத் தரையில் உட்காருகிற ஆள் வேண்டும்.

அந்தப் பக்கங்களைக் கிழித்துவிட்டு அம்மாவின் பெயரையே வைத்தேன். சரோஜம்மா.

3

போன வருடம் செப்டம்பர் மாதம், காலை பதினொரு மணி இருக்கும். அப்பா டே ஷிஃப்டில் சுரங்கத்துக்குள் இருந்தார். நான் பெங்களூரில் ஒரு கூரியர் ஆபீஸில் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். சாயங்காலத் தோசைக்கு அம்மா காலையிலேயே சட்னி அரைத்து வைப்பாள். தேங்காய் கீறும்போது ஒரு சில்லை வாயில் போட்டுக்கொண்டாள். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து பக்கத்து வீட்டு ஐடா ஆன்ட்டி ஏதோ கேட்டார். பதில் சொல்ல அம்மா வாயைத் திறந்தாள். சில்லு உள்ளே போய் நின்றுவிட்டது.

மூச்சு வரவில்லை. இருமல் வரவில்லை. சத்தமே வரவில்லை. அதனால் ஐடா ஆன்ட்டி, "சரி, வேலையா கீறியா, அப்பால வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அம்மா கதவு நிலையில் முதுகை மோதினாள். மறுபடி மோதினாள். நாலாவது தடவையோ ஐந்தாவது தடவையோ சில்லு தெறித்துத் தரையில் விழுந்தது. வெள்ளையாக, கட்டைவிரல் நகம் அளவுக்கு.

இந்த இடத்தில் "மரணம் அவளை ஒரு கணம் தொட்டுவிட்டு" என்று ஒரு வாக்கியம் எழுதியிருந்தேன். அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன்.

"மரணம்லாம் நெனைக்கலம்மா. சட்னி இன்னும் அரைக்கலியே, புள்ள வந்தா தோசைக்கு இன்னா பண்றதுன்னு நெனச்சேன்."

"அந்த நேரத்துலயா?"

"அந்த நேரத்துல வேற இன்னா நெனப்பாங்க?"

வாக்கியத்தை எடுத்துவிட்டேன். அம்மா சட்னி அரைத்தாள். நான் வந்து தின்றேன். அந்தச் சட்னி எப்படி இருந்தது என்று எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.

4

அடுத்த நாள் மத்தியானம் சோற்றைப் பிசைந்து வாயில் வைத்தாள். மென்றாள். இன்னும் மென்றாள். விழுங்கப் போகும்போது நெஞ்சு அடித்துக்கொண்டது, உள்ளங்கை வேர்த்தது, தொண்டை இறுகிக்கொண்டது. துப்பினாள். சாயங்காலம் மறுபடி அதேதான். மூன்றாம் நாள் வாயில் வைக்கவே கை வரவில்லை.

(இதை எழுதும்போது எச்சில் விழுங்குவது கவனத்துக்கு வந்து தொலைக்கிறது. உங்களுக்கும் இப்போது வந்திருக்கும். மன்னிக்க வேண்டும். அம்மாவுக்கு அது நாள் முழுக்க இருந்தது.)

அதன் பிறகு டீ, மோர், சோறு வடித்த கஞ்சி. ராகிக் கூழைக்கூடத் துணியில் வடிகட்டிக் குடித்தாள். உடம்பு இளைத்தது. ரவிக்கை தொளதொளத்தபோது இரண்டு பக்கமும் தையல் பிடித்துக்கொண்டாள். ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தது நான்.

"ஏம்மா சொல்லல?"

"சொன்னா ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு பூடுவீங்க. அங்க தொண்டைக்குள்ள டியூப் உடுவாங்க. முழுங்கு முழுங்குன்னு சொல்லுவாங்க. சோறே எறங்காதவளுக்கு டியூப் எறங்குமா?"

இன்னொன்றும் சொன்னாள்:

"உங்கப்பாவும் மைன்ஸ மூடப் போறாங்கன்னு மொகத்த தொங்கப் போட்டுகினு இருந்தாரு. அதுல நான் போயி, எனுக்கு முழுங்க வரலன்னு இன்னாத்த சொல்றது? கேட்டா சிரிக்க மாட்டாங்க?"

இதற்கெல்லாம் டாக்டர்கள் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். ஆபீஸில் ஒரு பழைய பத்திரிகையில் படித்தேன். அம்மாவிடம் சொல்லவில்லை. அவளுக்கு அது வெறும் 'அது'தான். 'அது வந்துச்சு', 'அன்னிக்கு அது வரல' என்றுதான் பேசுவாள்.

5

பொங்கல் முடிந்த மறுநாள், தானே ஆரம்பித்தாள். யாரும் சொல்லித்தரவில்லை. தானே சில விதிகள் வைத்துக்கொண்டாள்.

பின்கதவு திறந்திருக்க வேண்டும். பத்தடி தூரத்தில் தெருக்குழாய். அங்கே எப்போதும் ரெண்டு பேராவது குடத்தோடு நிற்பார்கள். சிக்கிக்கொண்டால் ஓடிவிடலாம்.

பக்கத்தில் ஒரு கிண்ணம். எப்போது வேண்டுமானாலும் துப்பலாம். துப்பினால் தோற்றதாகக் கணக்கில்லை.

மூன்றாவது விதி தானாக அமைந்தது. வாழைப்பழத்தில் அரிசி அளவு கிள்ளி, மசித்து, கண்ணை மூடி விழுங்கினாள். உள்ளே போனதா, நின்றுவிட்டதா என்று தெரியவில்லை. எழுந்து ஓடலாம் என்று கையை ஊன்றியபோது, பயத்தில் தன்னையறியாமல் "ம்ம்" என்று முனகினாள்.

"சத்தம் வந்துச்சு பல்லவி. சத்தம் வந்தா காத்து போவுதுன்னு தான அர்த்தம்? அன்னிக்கு சத்தமே வரலியே."

அன்றிலிருந்து ஒவ்வொரு வாய்க்கும் ஒரு "ம்ம்". வாழைப்பழத்தில் பத்து நாள். பிறகு பாலில் ஊறவைத்த பன். பிறகு இட்லியின் நடுப்பகுதி.

அந்த முனகல் எனக்கும் கேட்டிருக்கிறது. லீவு நாட்களில், புடவைத் திரைக்கு இந்தப் பக்கம் படுத்து ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தேன். ரயிலில் கூட வருகிற நேத்ராவிடம் சொல்லிச் சிரித்தது நினைவிருக்கிறது: "எங்கம்மா இப்பல்லாம் செம ஜாலி. பாடிகினே சாப்டுறாங்க."

இதற்கு அடுத்து நேராக மார்ச் மாதத்துக்குப் போயிருந்தேன். அம்மா கேட்டுவிட்டு, நடுவில் ஒன்று விட்டுப்போச்சு என்றாள். பிப்ரவரியில் ஒருநாள் இட்லித் துணுக்கு ஒன்று புரையேறியிருக்கிறது. வெறும் இருமல்தான். ஆனால் எல்லாம் போயிற்று. மூன்று வாரம் மறுபடி கஞ்சித் தண்ணீர்.

"அதெல்லாம் எதுக்கும்மா? கத நின்னுபூடும்."

"நின்னுச்சுல்ல? மறுபடியும் அரிசி அளவு பழத்துலேர்ந்து ஆரம்பிச்சேன். மொதோ தடவ ஆரம்பிச்சதுகூட கஷ்டமில்ல. அது தான் கஷ்டம். அத உட்டுட்டா பொய்யாயிடும்."

சேர்த்துவிட்டேன்.

6

மார்ச் மாதம் சுரங்கத்தை மூடினார்கள். அப்பா வீட்டில் உட்கார்ந்தார்.

பகல் முழுக்க ஓர் ஆள் வீட்டுக்குள். போக இடமில்லை, செய்ய வேலையில்லை. இரண்டாம் நாளே அம்மாவைக் கூப்பிட்டார்.

"சரோஜா, நீயும் தட்டு எடுத்துகினு வா. தனியா துன்ன ஒரு மாதிரி கீது."

இருபத்தைந்து வருடத்தில் அவர் அப்படிக் கூப்பிட்டதில்லை. கூப்பிட்டாரே என்று சந்தோஷப்படக்கூட அம்மாவால் முடியவில்லை. இன்றைக்கு விரதம் என்றாள். மறுநாள் வேறொரு சாமிக்கு விரதம். வயிறு சரியில்லை. மறுபடி விரதம்.

"இன்னாடி இது, வாரத்துல ஏழு நாளும் விரதம்? எனக்கு வேல போச்சுன்னா, கூட உக்காந்து துன்னக்கூட ஆளில்லாம பூடுச்சா?"

அவர் அதை அப்படி எடுத்துக்கொண்டுவிட்டார்.

7

ஏப்ரலில் ஒருநாள் மத்தியானம். அம்மா ரேஷன் கடையிலிருந்து திரும்பினாள். சமையலறையில் அப்பா. அடுப்பில் சட்டி, கையில் துடுப்பு, மீசையில் ராகி மாவு. களி கிண்டி இறக்கியிருந்தார். இரண்டு தட்டு. ஆளுக்கு ஓர் உருண்டை. ஐடா ஆன்ட்டி வீட்டிலிருந்து வாங்கிய கீரைக் குழம்பு.

"உக்காரு. நீ துன்னா தான் நானு துன்னுவேன்."

களியைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். களியை மெல்லக்கூடாது. மென்றால் பல்லெல்லாம் ஒட்டும். கிள்ளி, உருட்டி, குழம்பில் தோய்த்து, அப்படியே விழுங்க வேண்டும். அம்மா இட்லியின் நடுவைத் தாண்டியிருக்கவில்லை.

அதோடு, சுரங்க மண்ணைக் கொட்டிய மேட்டுப் பக்கமிருந்து தூசி அடிக்கிறதென்று அப்பா பின்கதவைச் சாத்தித் தாழ்ப்பாளும் போட்டிருந்தார். கிண்ணத்தை அவர் முன்னால் வைக்க முடியாது. அவள் உட்கார்ந்தாள்.

இந்த இடத்தை இரண்டு விதமாக எழுதினேன். ஒன்றில் களி சிக்கிக்கொள்கிறது. அப்பா முதுகில் ஓங்கித் தட்டிக் காப்பாற்றுகிறார். அம்மா சொன்னாள்: "அந்தக் கையால ஓங்கித் தட்டினா அன்னிக்கே போய்ச் சேந்திருப்பேன்." இன்னொன்றில் அம்மா எல்லாவற்றையும் சொல்லி அழுகிறாள், அப்பா அவள் தலையைக் கோதிவிடுகிறார். அம்மா என்னையே பார்த்தாள். "யாரு, உங்கப்பாவா?"

நடந்தது இதுதான். களியில் கோலிக்குண்டில் பாதி அளவு கிள்ளினாள். உள்ளே வேகாத மாவுக் கட்டி தட்டுப்பட்டது. அதை விரலால் ஒதுக்கினாள். குழம்பில் தோய்த்தாள். காது அடைத்தது. எதிரே அவர் கை தட்டைத் தொடாமல் காத்திருந்தது. வாயில் போட்டாள். விழுங்கினாள்.

"ம்ம்."

"நல்லா கீதா?" என்றார் அப்பா.

அம்மா அடுத்ததைக் கிள்ளினாள். விழுங்கினாள். "ம்ம்."

"உப்பு?"

"ம்ம்."

"சின்ன வயசுலேர்ந்து துன்றேன், கிண்டத் தெரியாதா எனக்கு?" அவர் குழம்பை எடுத்து அவள் தட்டில் இன்னும் ஊற்றினார். அவள் பதினோரு வாய் விழுங்கினாள். பதினோரு தடவையும் அவர் சமையலைப் பாராட்டினாள். சுரங்கம் மூடிய பிறகு அவர் முகம் தெளிந்து அவள் பார்த்தது அன்றைக்குத்தான்.

அதன் பிறகு வாரத்துக்கு இரண்டு நாள் அப்பாதான் களி கிண்டுகிறார். மே மாதக் கடைசியில் அம்மா ஓர் உருண்டை முழுசாகச் சாப்பிட்டாள். ரவிக்கையில் பிடித்த தையலைப் பிரித்தாள்.

8

இதோடு நிறுத்தினால் நன்றாக இருக்கும். "அன்றோடு பயம் அவளை விட்டு—" என்று எழுதிப் படித்தேன்.

"அத அடி," என்றாள் அம்மா. "இன்னிக்கும் மொதோ வாய்க்கு அது வரும். வந்துட்டுப் போவும். போவுதுன்னு தெரியும் எனக்கு, அவ்ளோ தான். பூடுச்சுன்னு எழுதாத."

"அப்ப எப்டி தாம்மா முடிக்கிறது?"

"எனக்கு இன்னா தெரியும்? பசிக்குது, தட்டு எடு."

இப்போது நாங்கள் மூன்று பேரும் சேர்ந்துதான் உட்காருகிறோம். அப்பா பரிமாறிக்கொண்டிருக்கிறார். அம்மா தட்டில் கை வைத்துவிட்டாள். என்னிடம் முடிவு எதுவும் இல்லை. ஏழு மாதம் பார்க்க வேண்டிய நேரத்தில் நான் பார்க்கவில்லை. ஆனால் அவள் முதல் வாய் எடுக்கும்போது யாராவது உற்றுப் பார்த்தால் தொண்டை இறுகும் என்று இப்போது தெரியும். அதனால் நான் குனிந்து என் சோற்றைப் பிசைகிறேன். நீங்களும் இந்தப் பக்கத்திலிருந்து கண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். சத்தம் கேட்டால் போதும்.