வாசலுக்கு மேலே பனி

கேதீஸ்வரன் பனியே விழாத ரோவில் புறநகரில் இருந்துகொண்டு வீட்டுக் கூரைகளில் சோலார் தகடு பூட்டுகிறவன். பனி விழும் ஊரில் அவன் செய்த ஒரே வேலை வைதேகியின் வீடு. மவுண்ட் புல்லர் பனிமலைக்கு ஏறுகிற பாதையில், தகரக் கூரை போட்ட வீடு. வைதேகி கோயம்புத்தூர்க்காரி, மலையடி ஊர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். தமிழ் ஆள்தான் வேண்டும் என்று தேடிப்பிடித்துக் கூப்பிட்டிருந்தாள்.

அது இரண்டாயிரத்துப் பதினோராம் ஆண்டு ஜூன், அந்தத் தென்கோள நாட்டில் குளிர்காலத் தொடக்கம். மாதம் முடிவதற்குள் பூட்டினால் அரசாங்க மானியம் கூடுதல் என்று ஊரே பறந்துகொண்டிருந்தது. தகட்டுக் கண்ணாடியில் பனி நிற்காது, பாளமாக வழுக்கி விழும், வாசலுக்கு மேலே தடுப்புக் கம்பி பூட்டாமல் விடாதே என்று சாமான் கடைக்காரன் படித்துப் படித்துச் சொன்னான். சொன்னவனிடமே கம்பி இருப்பில் இல்லை. பெரும்பனி விழ நாள் இருக்கிறது, பிறகு வந்து பூட்டலாம் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டு மலையிறங்கினான் நம்மவன். கம்பி வந்து சேர்ந்தது. கராஜில் கிடந்தது. மலை ஏறத்தான் மனிதருக்கு நேரம் வரவில்லை.

ஜூலையில் வைதேகி அழைத்தாள். கூரைப் பனி சரிந்து மகள் தாரிணிக்குத் தோள் எலும்பு உடைந்துவிட்டது என்றாள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். போனை வைத்ததும் கேதீஸ்வரன் கராஜுக்குப் போய்க் கம்பியைத் தேடி எடுத்தான். மறுநாள் காலையிலேயே அதை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனான்.

வாசலில் வழக்கம்போலச் சப்பாத்தைக் கழற்றக் குனிந்தான்.

"குனியாதீங்கண்ணா!" உள்ளேயிருந்து வைதேகி கத்தினாள். "ஷூவோடயே வாங்க. இனிமே இந்த வீட்ல அப்படித்தான்."

வாசலில் இருந்த செருப்புத் தட்டைக் காணவில்லை. உள்ளே கம்பளம் முழுக்கச் சேற்றுக் கால். சாமி விளக்குப் பக்கத்தில்கூட. தாரிணி கையைக் கழுத்தில் மாட்டிய துணித் தூளியில் போட்டபடி டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். "ஹாய் அங்கிள்" என்றாள். அவனால் அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"ஸ்கூல்ல இருந்து ஷூவோட உள்ள ஓடி வந்துட்டா" என்று காப்பியை நீட்டியபடி சொன்னாள் வைதேகி. "நான்தான் திட்டி வெளிய துரத்தினேன். குனிஞ்சு லேஸ அவுத்துட்டு இருந்தா, அப்ப விழுந்துச்சு. எந்தத் தாயாவது இப்படிப் பண்ணுவாளாண்ணா?" அவள் அழுதாள்.

அவன் காப்பியைக் கீழே வைத்தான். எழுந்து வெளியே வந்து ஏணியைச் சாய்த்தான். தகட்டின் மேல் இரவு விழுந்த பனி இன்னும் சரியாமல் கிடந்தது. ஓரமாக நின்று கம்பியைப் பூட்டி முடித்தான். இனி வாயைத் திறக்காமல் வண்டியில் ஏறினால் போதும். ஒரு ஈ காக்கைக்கும் தெரியப்போவதில்லை.

வைதேகி வெளியே வந்து பார்த்தாள். "இப்படி ஒண்ணு இருக்குதுன்னே எனக்குத் தெரியாது. நாங்க கேக்காமயே இவ்வளவு தூரம் வந்து செய்யறீங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

அந்தப் புண்ணியம்தான் அவனைக் கொன்றது.

"தங்கச்சி, இது அண்டைக்கே பூட்டியிருக்க வேணும். கடைக்காரன் சொன்னவன். நான்தான் பிறகு பாப்பம் எண்டு விட்டனான். சாமான் வந்தும் என்ர கராஜிலதான் கிடந்தது. உங்களில ஒரு பிழையும் இல்லை. பிள்ளையை விழுத்தினது நான்."

வைதேகி அவனையே பார்த்தாள். உள்ளே போனாள். மகளிடம் ஏதோ சொல்வதும், பிறகு அவளே விம்முவதும் கேட்டன. திரும்பி வந்தபோது கையில் செருப்புத் தட்டு இருந்தது. அதைப் பழைய இடத்திலேயே, கூரை விளிம்புக்கு நேர் கீழே வைத்தாள்.

"என் பொண்ணு இனி இங்க குனியலாமா?"

"ஓம், தங்கச்சி."

"அப்ப முதல்ல நீங்க கழட்டுங்க. நான் பாக்கறேன்."

கேதீஸ்வரன் அண்ணாந்து கூரைப் பனியை ஒருமுறை பார்த்தான். பிறகு குனிந்தான். லேஸ் முடிச்சு விரலுக்கு அகப்படவில்லை. அவள் கையைக் கட்டிக்கொண்டு, அவசரமே இல்லாமல், நின்றாள்.